நேர்ந்துவிட்ட துரை

எங்கள் வீட்டில் சாமி கும்பிடுகிறவள் நான்தான். என் கணவர் கும்பிட மாட்டார். கோயிலுக்கு வருவார், ஆனால் வாசலோடு சரி. அங்கே நின்று எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருப்பார். "உள்ள இருக்கிறது கல்லு, அத எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான். செருப்பு அப்படியா?" என்பார். மின்சார இலாகாவில் ஜெனரேட்டர்களைக் கட்டிக்கொண்டு சர்வீஸை முடித்தவர். ஸ்பானரால் கழற்றிப் பார்க்க முடியாத எதையும் அவர் நம்பியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு ஒரு கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்றால் அவரைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை.

அதுவும் எனக்காக நேர்ந்துகொண்டார்.

எங்கள் இடம் அந்தமானில், திக்லிபூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பாக்குத் தோட்டம், வேலியோரம் தென்னை, நடுவில் தகரக் கூரை போட்ட வீடு. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். ஒரு மழைக்காலத்தில் காலையில் எழுந்ததும் எனக்கு வயிற்று வலி. வாய்வுதான் என்று இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் புடவைகூடக் கட்டிவிட்டேன். கொசுவத்தைச் சொருகும்போதே சுருண்டு விழுந்தேன். இங்கிருந்த டாக்டர் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, குடல்வால் வெடித்திருக்கும் போலிருக்கிறது, உடனே போர்ட் பிளேருக்குக் கொண்டுபோங்கள் என்றார். அந்த ஊருக்கு அரசாங்கம் இப்போது வேறு பேர் வைத்துவிட்டது. வலியில் கத்துகிறவள் வாயில் பழைய பேர்தான் வந்தது.

கொட்டுகிற மழையில் ஹெலிகாப்டர் எழும்பாது. ஆம்புலன்சில் ஏற்றினார்கள். எங்கள் ரோட்டைப் பற்றி மெயின்லேண்டில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியாது. காட்டுக்குள் நுழையும், மலையில் ஏறும், கடைசியில் கடல் குறுக்கே வந்துவிடும். அங்கே வண்டியோடு படகில் ஏறி அக்கரைக்குப் போகவேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் படகு அக்கரையில் நின்றுகொண்டிருந்தது. அது திரும்பி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. என் கணவர் ஆம்புலன்சை விட்டு இறங்கி, படகு அணைகிற ஜெட்டியின் முனைக்குப் போய் மழையில் நின்றார். பீடி பிடிக்கப் போய்விட்டார் என்று நினைத்தேன். பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கும்போது இவருக்குப் புகை கேட்கிறது பார் என்று அந்த வலியிலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆபரேஷன் முடிந்து நான் கண்ணைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கிடா ஒண்ணு நேர்ந்திருக்கேன்."

மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தேன். "யாருக்கு?" என்றேன்.

"நம்ம காளியம்மனுக்கு."

"யாரு நேர்ந்தது?"

"நான்தான்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், ஏதோ களவு செய்து பிடிபட்டவரைப் போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் வலித்தது, வலித்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. நர்ஸ் வந்து அவரைத்தான் திட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கிடா தேடினார். பக்கத்துத் தோட்டத்து வங்காளி அம்மாவிடம் வெள்ளாடுகள் உண்டு. அவள் ஆடு ஈன்ற குட்டி ஒன்று, அடி முதல் நுனி வரை கறுப்பு, உடம்பில் ஒரு குறை கிடையாது. காளிக்கு என்றதும் அவளும் சந்தோஷமாகக் கொடுத்தாள். வங்காளிகளுக்குக் காளி யார் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டியைக் கொண்டுவந்து கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார். கட்டிவிட்டு எனக்குச் சட்டம் போட்டார். பேர் வைக்கக் கூடாது. மடியில் தூக்கி வைக்கக் கூடாது. வீட்டுக்குள் விடக் கூடாது. "பாசம் வச்சிட்டேன்னா அப்புறம் வெட்ட விடமாட்டே. உன்னைய எனக்குத் தெரியும்" என்றார்.

சட்டத்தை முதலில் மீறியது நான் இல்லை. மழை பிடித்ததும் குட்டி நனைகிறதே என்று சமையலறை மூலையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தது அவர். அடுத்த வாரம் பார்த்தால் சாய்வு நாற்காலியில் இவர், இவர் மடியில் அது. பேர் விஷயத்தில் மட்டும் கொஞ்ச நாள் கட்டுப்பாடாக இருந்தார். பிறகு ஒரு நாள் காலை, "துரை எந்திரிச்சாச்சா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"பேரு வைக்கக் கூடாதுன்னீங்க?"

"அது பேரு இல்ல. மரியாதை."

மரியாதைக்கு அந்த ஆடு முழுத் தகுதி உடையதுதான். நேர்ந்துவிட்ட ஆட்டை யாரும் அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, வாயில் வைத்ததைப் பிடுங்கக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தால் அது சாமியின் சொத்து. இங்கே அக்கம்பக்கத்தில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லோரும் கலந்து இருக்கிறோம். ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு சாமி. ஆனாலும் ஒருவர் வீட்டு நேர்ச்சையில் இன்னொருவர் கை வைக்க மாட்டார். இதை ஆட்டுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, அது தெரிந்துகொண்டது. மூன்றாம் மாதத்திலிருந்து அதன் நடையே மாறிவிட்டது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி போல ஒவ்வொரு வேலியாக நின்று பார்த்து, திறந்திருக்கிற வேலியை விட்டுவிட்டு மூடியிருக்கிற வேலிக்குள் புகுந்து போகும்.

வங்காளி அம்மாவின் சுரைக்கொடியைப் பந்தலோடு காலி செய்தது. "தீதி, தும்ஹாரா பக்ரா ஃபிர் ஆ கயா!" என்று அவள் அங்கிருந்து கத்துவாள், உங்கள் ஆடு மறுபடியும் வந்துவிட்டது என்று. நான் ஓடிப்போனால், விரட்டாமல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அது தின்று முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பாள். கொடுத்தது அவள், தின்றது அவள் வீட்டுக் குட்டி, என்னைத்தான் முறைப்பாள். காயப் போட்ட பாக்கின் மேல் துரை நடந்து போவார், பின்னால் போய் நான் பொறுக்கவேண்டும். ஜங்ஷனில் டவுன் பஸ் நின்றபோது பின்பக்கப் படியில் ஏறி, ஜன்னலோரத்தில் ஒரு அம்மா வைத்திருந்த கீரைக்கட்டைத் தின்றபடி அடுத்த நிறுத்தம் வரை போயிருக்கிறார். கண்டக்டர் மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டு இறக்கிவிட்டாராம். எனக்கு அந்த பஸ்ஸில் இன்றுவரை ஜன்னலோரம் கிடைத்ததில்லை.

ஒரு நாள் என் பின்னாலேயே வகுப்புக்கு வந்துவிட்டது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமே இல்லாமல் இருக்கிறார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். திரும்பிப் பார்த்தால், சுவரில் தொங்கிய இந்திய வரைபடத்தில் கன்னியாகுமரியில் தொடங்கி கங்கைச் சமவெளி வரைக்கும் போய்விட்டது. மிச்சம் இருந்தது இமயமலையும், வலது ஓரத்தில் எங்கள் தீவுகளும்தான். படம் வரையும்போது எங்களை விட்டுவிடுகிற மெயின்லேண்ட்காரர்களை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். எங்களை வைத்துக்கொண்டு மெயின்லேண்டை விட்டுவிட்ட ஒரே ஆத்மா இந்த ஆடுதான். அதற்குப் பிறகு எனக்கு அதைத் திட்ட மனசு வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதன் மேல் உயிர். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு வேலிக் கம்பின் மேல் முன்னங்கால்களைப் போட்டு நின்றுகொண்டிருக்கும். என் பையைத்தான் எதிர்பார்க்கிறது, என்னை இல்லை என்று தெரியும். தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அதை எடுத்துச் சொல்லி யாரும் பரிதாபப்படவேண்டாம், ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

கொம்பு முளைத்ததும் பிரச்சினை வந்தது. எங்கள் காளியம்மனுக்குப் பங்குனியில்தான் திருவிழா, மழை ஓய்ந்து தரை காய்கிற மாதம். தை பிறந்ததுமே அவர் பேச்சை எடுப்பார். நான் வாதாடுவேன்.

"நீங்க சாமியே இல்லைங்கிற ஆளு. இல்லாத சாமிக்குக் குடுத்த வாக்கு எப்படிங்க செல்லும்?"

"செல்லும்."

"எப்படி?"

"நம்புறவ நீ கேட்டு அது குடுத்தா, சரி, வழக்கமா வர்றவளுக்குக் குடுக்குதுன்னு சொல்லலாம். நான் நம்பாதவன். முன்னப்பின்ன பேசினதுகூடக் கிடையாது. நான் கேட்டும் குடுத்துச்சுல்ல? அப்ப நான் எப்படி ஏமாத்துறது?"

நாற்பது நாள் விரதம் இருந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றி, எல்லா அம்மன் பேரையும் மனப்பாடமாகச் சொல்லுகிற நான் ஆட்டைக் காப்பாற்ற அம்மனை ஏய்க்கப் பார்க்கிறேன். கற்பூரத்தைக் கண்ணில் காட்டினால் தும்முகிற இவர் வாக்கு மாறக் கூடாது என்கிறார். எங்கள் வீட்டில் யார் பக்தர் என்று அந்த அம்மனே குழம்பிப் போயிருப்பாள்.

ஆனால் அவர் பயந்துதான் இருந்தார். அது எனக்குத் தெரியும். நான் இரண்டு தடவை இருமினால் அவர் என்னைப் பார்க்க மாட்டார், ஆட்டைப் பார்ப்பார். மழைக்காலத்தில் எல்லோருக்கும் வருகிற காய்ச்சல் எனக்கும் வந்தபோது இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. நேர்ச்சையைத் தள்ளிப்போட்டால் கொடுத்த உயிரை அம்மன் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. ஆட்டை வெட்டாவிட்டால் நான் செத்துப்போவேன். இதுதான் அவர் கணக்கு. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அவரைக் கிண்டல் செய்வேன். "நான் ஆட்டு விலைக்குப் போன பொண்டாட்டி" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வேன். அவர் வாயைத் திறக்க மாட்டார்.

முதல் வருஷம் ஆடு தப்பியதற்கு நான்தான் காரணம். பங்காளி வீட்டில் சாவு விழுந்தாலும் பிள்ளை பிறந்தாலும் தீட்டு, அந்தச் சமயத்தில் நேர்த்திக்கடன் செலுத்தக் கூடாது. இவருடைய பங்காளிகள் பரமக்குடிப் பக்கம் ஊர் ஊராக இருக்கிறார்கள். மாசி பிறந்ததும் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். பெரியவர்கள் உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று நான் காட்டிய அக்கறையைக் கண்டு அவர்களே சந்தேகப்பட்டிருப்பார்கள். கிழவர்கள் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். நல்ல வேளையாக ஒரு வீட்டில் மருமகள் நிறைமாதம். திருவிழாவுக்கு முந்தின வாரம் ஆண் குழந்தை. வீடியோ காலில் பிள்ளையைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளையை நான் கொஞ்சிய கொஞ்சலில் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் தீட்டு தீட்டுதான்.

அந்த ஒரு வருஷத்தில் ஆடு முழுக் கிடாவாகிவிட்டது. கிடா என்றால் நாற்றமும் சேர்த்துத்தான். சாமிக்குப் போகிற பொருள் இப்படி நாறக் கூடாது என்று அவர் சனிக்கிழமைதோறும் அதைக் குளிப்பாட்ட ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து எனக்காக ஒரு சொம்பு வெந்நீர் வைக்காதவர், அதற்கு அண்டா நிறைய வைத்தார். முதல் தடவை தண்ணீரை ஊற்றியதும் ஆடு உதறிய உதறலில் சோப்பு நுரையெல்லாம் இவர் கண்ணில். அதிலிருந்து அதைப் பழக்கத் தொடங்கினார். "ஆடாதே, நில்லு. நில்லுன்னா நில்லு" என்று ஒரே வசனம். அசையாமல் நின்றால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து முதலில் காது, பிறகு முகம், பிறகு முதுகு என்று துடைத்து, ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார். ஜெனரேட்டர் துடைத்த கை, ஒரு இடம் விடாது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஆடு தண்ணீரை எவ்வளவு கொட்டினாலும் சிலை மாதிரி நிற்கப் பழகிவிட்டது. துண்டு வரும், வெல்லம் வரும் என்று அதற்குத் தெரியும்.

இரண்டாவது பங்குனி வந்தது. பங்காளிகளில் ஒருவரும் சாகவில்லை, ஒருத்தியும் பெறவில்லை. எனக்குச் சாக்கு தீர்ந்துபோயிற்று.

திருவிழா அன்று காலையில் நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கிடாவுக்கு மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். கூட்டிக்கொண்டு என்ன, அது முன்னால் போக நாங்கள் பின்னால் போனோம். வங்காளி அம்மா வேலியோரத்தில் பலா இலைக் கட்டோடு நின்றாள். அதற்கு ஊட்டிவிட்டுக்கொண்டே என்னிடம், "மா காளி கா ஹை, தீதி. ரோனா மத்" என்றாள். காளியுடையது, அழாதே என்கிறவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆடு அதற்குள் தன் மாலையில் பாதியைத் தின்றிருந்தது.

எங்கள் கோயில் பெரிய கோயில் ஒன்றும் இல்லை. இவருடைய பரமக்குடிப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து கட்டியது, தகரக் கொட்டகை, எதிரே ஒரு பாதாம் மரம். பூசாரி மற்ற நாளெல்லாம் கொத்தனார் வேலை பார்ப்பவர், எங்களுக்குச் சொந்தக்காரர் முறை. அன்றைக்கு என் கணவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று யார் செருப்புக்கும் காவல் இல்லை.

கிடாவைச் சன்னதிக்கு முன்னால் நிறுத்தினார்கள். கொட்டு முழங்கியது. வெட்டுவதற்கு முன்னால் அம்மனிடம் உத்தரவு கேட்கிற வழக்கம் ஒன்று உண்டு. மஞ்சள் தண்ணீரை ஆட்டின் முதுகில் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். உதறாவிட்டால் அரிவாளைத் தூக்கக் கூடாது. எங்கேயும் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் தண்ணீர் பட்டால் உதறாத ஆடு உலகத்தில் கிடையாது. இந்த வழக்கமெல்லாம் எனக்குத் தெரியும். வாசலில் செருப்போடு நின்றே காலத்தைக் கழித்த இவருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த எனக்கும் அந்த நிமிடம் வரை ஒன்றும் உறைக்கவில்லை.

பூசாரி ஒரு குடத்தை ஊற்றினார். ஆடு அசையவில்லை.

கொட்டுக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். இன்னொரு குடம். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஆடு கல்லாக நின்றுகொண்டு என் கணவரையே பார்க்கிறது. அவர் தோளில் துண்டு.

"என்னண்ணே, நட்டு வச்ச கல்லாட்டம் நிக்குது?" என்றார் பூசாரி. வேப்பிலையைத் தண்ணீரில் நனைத்துக் காதுக்குள் உதறினார். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் தலையை ஆட்டியே தீரும். எங்கள் துரை காதை மட்டும் சாய்த்துக் காட்டினார். காதைத்தானே முதலில் துடைப்பது வழக்கம். அப்புறமும் துண்டு வரவில்லை என்றதும், மெதுவாக நடந்து போய் என் கணவர் வயிற்றில் நெற்றியை வைத்து ஒரு முட்டு முட்டிவிட்டு நின்றது.

கொட்டு தானாக நின்றுவிட்டது. பின்னால் யாரோ, "மாதா நே சோட் தியா!" என்று கத்தினார்கள், அம்மா விட்டுவிட்டாள் என்று. கூட்டம் மொத்தமும் சிரித்தது. நான் தலைக்கு மேல் கையைக் கூப்பிக்கொண்டு அழுதேன். அம்மனிடம் பொய் சொல்லி நிற்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் உள்ளதைப் பூசாரியிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். சனிக்கிழமைக் குளியல், வெந்நீர், வெல்லம் எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"பழக்குனது அண்ணன், சரி. சாமியே கும்பிடாத மனுசன் புத்தியில போயி பழக்குடான்னு சொன்னது யாரு மதினி? அம்மாளுக்கு இந்தக் கிடா வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

எனக்கு வேறு என்ன வேண்டும்? அவரைத் தேடினேன். காணோம். வெளியே வந்து பார்த்தால் பாதாம் மரத்தடியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் ரத்தமே இல்லை. நான் இருந்த குஷியில் விடவில்லை. "என்ன மாப்பிள்ளை, அம்மனே வேண்டாம்னுட்டா. இனிமே என்னைய ஆட்டு விலைக்குக்கூட யாரும் கேக்க மாட்டாங்க போல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கிடா மட்டும் நேரலடி" என்றார்.

"வேற என்ன நேர்ந்தீங்க?"

"அன்னிக்கு ஜெட்டியில நின்னேன்ல. படகு அந்தப் பக்கம் நிக்குது. நீ உள்ள கத்துறே. அப்பச் சொன்னேன். கிடா ஒண்ணு தர்றேன், இவள விட்டுரு. கிடா பத்தாதுன்னா என்னைய எடுத்துக்கன்னு சொல்லிட்டேன்." உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பக் கிடா வேண்டாம்னுட்டா இல்ல."

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக நான் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒரு தடவைகூட இதைச் சொல்லவில்லையே இந்த மனுஷன். பீடி பிடிக்கப் போனார் என்று அல்லவா நினைத்தேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல. நீ தனியா என்ன பண்ணுவே? மோட்டார் ஸ்விட்ச்சு கூட உனக்குப் போடத் தெரியாது."

ஸ்விட்ச் போட எனக்குத் தெரியும். அவர் வீட்டில் இல்லாதபோதெல்லாம் நான்தான் போடுகிறேன். அதை அப்போது சொல்லவில்லை. இந்த ஆளை இப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போனால் இனி ஒவ்வொரு தலைவலிக்கும் தன் முறை வந்துவிட்டது என்று உட்கார்ந்திருப்பார். ஆடு பிழைத்தது, சரி. இவர் பிழைக்க வேண்டாமா?

எழுந்து பூசாரியிடம் போனேன். தலைக்குப் பதில் தலைமுடி கொடுத்தால் அம்மன் ஏற்றுக்கொள்வாளா என்று கேட்டேன்.

"முடி இறக்குனா தலைய இறக்குன மாதிரிதான மதினி. ஆத்தா மனசு குளுந்துருவா. வேற பாக்கி எதுவும் நிக்காது."

கடைசி வார்த்தையை அவருக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னேன். பூசாரியும் சொன்னார். என் கணவர் எழுந்து ஓடி வந்தார். "நீ வேணாம். நேர்ந்தது நானு. என் முடிய எடுக்கட்டும்."

நானும் பூசாரியும் அவர் தலையை அண்ணாந்து பார்த்தோம். பாதாம் மரத்து வெயில் அதில் பளபளவென்று விழுந்தது. இறக்குவதற்கு அங்கே அம்மன் ஏற்கனவே எதையும் விட்டுவைக்கவில்லை.

"உள்ளவங்கதான குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு நான் போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தேன்.

என் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். எனக்கு அதில் கர்வம் உண்டு. கல்யாணத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அதைத்தான் பார்த்தார்கள். நாவிதர் பீகார் பக்கத்து ஆள், அவருக்கே மனசு வரவில்லை. ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டு, "மேடம், பூரா?" என்று கேட்டார். மூன்று கத்தி பூ முடி எடுத்தால் போதும் என்று பக்கத்திலிருந்த பெண்கள் சொன்னார்கள். எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தபடி நின்றிருந்தார்.

"பூரா" என்றேன்.

தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்ததும் குளிர்ந்தது. முடி மடியில் வந்து விழ விழ எனக்கு அழுகையாகவும் வந்தது, லேசாகவும் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்ததும் சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தில் கொடுத்தார்கள், தலையில் பூசிக்கொள்ள. நான் கையை நீட்டுவதற்குள் வேறொரு கை கிண்ணத்தை வாங்கிக்கொண்டது.

எங்கள் பக்கத்து ஆண்கள் நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டி கையைக்கூடத் தொட மாட்டார்கள். இவர் அதிலும் ஒரு படி மேல். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரவே கூச்சப்படுவார். அந்த மனிதர் ஊர் மொத்தமும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் மொட்டைத் தலையில் சந்தனத்தை ஒரு இடம் விடாமல் பூசிவிட்டார். பூசி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.